வானத்துக்கு எந்தத் துரை

கல்யாண வீடுகளில் ட்ரோன் விடும் பையன்கள் இப்போது என்னிடம் வந்து புலம்புவார்கள். பதிவு எடுக்க வேண்டுமாம், இவ்வளவு உயரத்துக்கு மேலே போகக்கூடாதாம், அணைக்கட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாதாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதியாம். "என்னாக்கா இது, ஒரு கல்யாணத்தப் படம் புடிக்கிறதுக்கு அரசாங்கத்தையே கூப்புடணும்போல இருக்கு" என்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பேன். இந்தச் சட்டம் வந்திருக்கிறது என்று ரேடியோவில் கேட்ட அன்று, நாட்டிலேயே அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சட்டம் இல்லாத காலத்தில் பறக்க விட்ட ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் நான்.

என் கணவர் மலைநாட்டில், கொட்டகலைக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அந்த ஸ்டூடியோவில் ஒரு நீலத் திரையும் இரண்டு விளக்கும் ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடியும்தான் இருந்தன. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். அட்டை இல்லாமல் பஸ் ஏறினால் எந்தச் சோதனைச் சாவடியில் இறக்குவார்கள் என்று தெரியாத யுத்த காலம் அது. பயந்த முகங்களையே எடுத்து எடுத்து, சிரித்த முகத்தைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டமாகிவிடும். அதனால் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கப் போனார். நானும் இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். பெண்கள் பக்கம் எடுக்க ஒரு பெண் இருந்தால் வசதி என்றார்கள். சம்பளம் இல்லாத ஆள் என்பதும் ஒரு வசதிதான்.

நான் பிறந்தது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். அப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்வதானாலும் முதலில் தோட்டத்து மானேஜரை, அதாவது துரையை, கேட்டாக வேண்டும். கூரை ஒழுகினால் தகரம் கேட்கவேண்டும். சாவு விழுந்தால் லொறி கேட்கவேண்டும். திருவிழாவுக்கு லீவு, ஒலிபெருக்கிக்குக் கரண்ட், வெளியூர் உறவுக்காரர் நாலு நாள் தங்குவது எல்லாமே அவரிடம்தான். என் கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்ங்க, தொரை உத்தரவு கொடுக்கணும்" என்றார். துரை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் ஐயரிடம் நாள் கேட்டோம். என் கணவர் கடைவீதிக்கு வந்து காற்சட்டை போட்டு இங்கிலீஷ் கலந்து பேசினாலும், இந்த விஷயத்தில் மட்டும் லயத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

சண்டை நிறுத்தம் நடந்த வருஷங்களில் துபாயில் வேலை செய்த அவருடைய தம்பி ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். பெட்டிக்குள் ஒரு விளையாட்டு விமானம். ஆள் கை நீளத்துக்கு இறக்கை, பாற்றரியில் சுற்றும் ஒரு விசிறி, தரையில் நின்று ஓட்ட ஒரு ரிமோட். விமான நிலையத்தில் யாரும் அதை என்ன ஏது என்று கேட்கவில்லையாம். சோதனைச் சாவடிகளில் புல் முளைத்திருந்த காலம், எல்லோரும் கொஞ்சம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதத் தூக்கிட்டு வந்ததுக்கு ரெண்டு போர்வை கொண்டாந்திருக்கலாம்" என்று நான் கொழுந்தனிடம் சொன்னேன். என் கணவருக்குக் காதில் எதுவும் விழவில்லை. பெட்டியைத் திறந்ததிலிருந்து அவர் வேறு உலகத்தில் இருந்தார்.

அதன் வயிற்றில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைக் கட்டிவிடலாம் என்று கண்டுபிடிக்க அவருக்கு நிறைய நாள் எடுத்தது. அதற்குள் விமானம் பள்ளிக்கூடக் கூரையில், மாட்டுக் கொட்டகையில், ஒருமுறை வெற்றிலைக் கடைக்காரரின் தலையில் என்று எல்லா இடத்திலும் விழுந்தது. டீவி வரும் பெட்டியில் உடையாமல் இருக்க வைக்கும் வெள்ளை ரெஜிபோமை வெட்டி ஒட்டி ஒட்டி, துபாயிலிருந்து வந்ததில் பாதிதான் மிச்சம் இருந்தது. மலையில் சமதரை எங்கே கிடைக்கும்? கடைசியில் அவர் அதைத் தேயிலை மேலேயே இறக்கப் பழகினார். கொழுந்து எடுத்து மட்டமாக இருக்கும் செடிகளின் மேல் வேகத்தைக் குறைத்து வைத்தால், அது சறுக்கிக்கொண்டு போய் நிற்கும், கீறல் படாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைத் தூக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்து கொடுப்பார்கள். "ஒங்க கோழி எங்க மலையில மேயுதுங்க" என்று ஒருத்தி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதல் படத்தை ஒரு தோட்டத்துத் திருவிழாவில் எடுத்தார். ஆடிக்கொண்டே இருந்த படம். ஆனாலும் அதைக் கோயில் முன்னால் டீவியில் போட்டுக் காட்டியபோது கூட்டம் டீவியை நெருக்கிக்கொண்டு வந்தது. தேர், அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தலைகள், அப்புறம் வரிசையாக லயங்கள். தங்கள் வீட்டை மேலேயிருந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை. "அந்தா, அது எங்க காம்பரா" என்று ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். ஒரு பெரியம்மா மட்டும், "கூரை மேல வச்ச கல்லு எல்லாம் தெரியுது, நம்ம பொழப்பு மேலேருந்து பாத்தாலும் இப்படித்தானா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு பெண் வீட்டார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே "மேலேருந்து உண்டுங்களா?" என்பதாகிவிட்டது. ஹட்டனில் ஒருவரும் நுவரெலியாவில் ஒருவரும் விமானம் வாங்கிவிட்டார்கள். யாருடையது உயரப் போகும் என்று போட்டி. இதற்கு ஒரு விதி உண்டா, யாரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. மற்ற இரண்டு பேரும் யாரையும் கேட்காமல் விட்டார்கள். என் கணவர்தான் ஒழுங்கானவர். ஒவ்வொரு தோட்டத்திலும் முதலில் ஆபீசுக்குப் போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு, துரையைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். தோட்டத்து நிலம் துரையின் பொறுப்பு, தோட்டத்து வானமும் அப்படித்தானே என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது. கேட்ட துரைமாருக்கும் அது சரியாகவே பட்டது என்பதுதான் வேடிக்கை.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் துரைக்கு அந்த விமானத்தின் மேல் தனி ஆசை. நடுத்தர வயதுச் சிங்களவர், அதிகம் பேசாதவர். ஒருமுறை தன் மலைகளின் மேல் பறக்கவிட்டு, செடி செத்து வெறுமையாகக் கிடக்கும் இடங்களைப் படத்தில் காட்டச் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் எட்டு வருசம் நடந்து பார்த்தது. இது தெரியல்ல" என்றார், துரைமார் பேசும் அந்த உடைந்த தமிழில். என் கணவர் வீட்டுக்கு வந்து அதை எனக்கு ஏழெட்டுத் தடவை சொல்லிக் காட்டினார்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. சாவடிகளில் முளைத்த புல் மிதிபட்டுப் போயிற்று. போதாததற்கு, அந்தத் தடவை இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்து குண்டு போட, வானத்திலிருந்தும் அடி விழத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒரு சத்தம் கேட்டால் ஆட்கள் மேலே பார்த்தார்கள். ஹட்டன்காரரும் நுவரெலியாக்காரரும் விமானத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். நானும் சொன்னேன், "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்று. அந்த வருஷம் பூண்டுலோயாத் தோட்டத்துத் திருவிழாவுக்கு அவர் போய்த் துரையைக் கேட்டார். துரை வழக்கம்போலத் தலையை ஆட்டினார். "தொரையே சரின்னுட்டாரு, அப்புறம் என்னா புள்ள" என்றார் என்னிடம்.

தேர் வெளியே வந்தபோது வெயில் அடித்தது. அவர் விமானத்தை ஏற்றி இரண்டு சுற்று விட்டார். மூன்றாவது சுற்றில் கீழே பள்ளத்திலிருந்து பனி மூட்டம் ஏறியது. நம் ஊர் மூட்டம் கேட்டுக்கொண்டா வரும். விமானம் அதற்குள் போனது, வெளியே வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் நீர்த்தேக்கம். அதற்குப் போகும் பாதையில் ஒரு காவல் முகாம் இருந்தது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே அந்தப் பக்கம் கிளம்பினார். "எடுத்துக்கிட்டு வந்துர்றேன், நீ பொங்கப் பானையை விட்டுறாத" என்றார். நான் கேமராவில் பானை பொங்குவதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நேரே முகாம் வாசலுக்குப் போய், "எங்க பிளேன் இந்தப் பக்கம் விழுந்துச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இறக்கையும் கம்பிகளும் பாற்றரியும் கேமராவும் கட்டிய ஒரு சாமான் மூட்டத்துக்குள்ளிருந்து வந்து அவர்கள் முற்றத்தில் விழுந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் இருபது வயதுகூட ஆகாத பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். அவன் சுடாமல் விட்டதற்கு நான் இன்றைக்கும் அவனை மனதுக்குள் கும்பிடுகிறேன். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "தொரைகிட்ட கேட்டாச்சுங்க" என்றாராம்.

மறுநாள் காலையில் பொலிஸ் நிலையத்தில்தான் அவரைப் பார்த்தேன். அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், யாராவது உள்ளே வந்தால் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தும் எழுந்தார்.

பொறுப்பதிகாரி என்னை உட்காரச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினார். கடைவீதியில் பிழைக்கிறவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"நங்கி, உன் புருஷன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அது எனக்குத் தெரிகிறது" என்றார், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. "சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. தண்டம் கட்டச்சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இதற்கு என்ன சட்டம் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விமானத்துக்குப் பொறுப்பானவர்கள், ஆள் ஏறாத விமானம் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். ரேடியோவுக்குப் பொறுப்பானவர்கள், அது விளையாட்டுச் சாமான் என்கிறார்கள். விளையாட்டுச் சாமான் ஏன் கேமராவோடு முகாமுக்குள் விழுந்தது என்று மேலிடம் கேட்கிறது. குற்றம் இன்னது என்று தெரிந்தால் தண்டனையும் இவ்வளவு என்று சொல்லலாம். தெரியாதபோது ஆளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

"எம்புட்டு நாளைக்குங்க மாத்தயா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகு சிங்களத்தில் கேட்டேன்.

அவர் தன் மேசையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து கூட்டிப்போவார்கள் என்றார். அந்த நாட்களில் விசாரணைக்குக் கொழும்புக்குப் போனவர்கள் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பான ஒருவர் வந்து, "திருவிழாவுக்காக எனக்குத் தெரிந்துதான் விட்டார்" என்று சொன்னால், விசாரணையை இங்கேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று அந்த அதிகாரியே வழியும் சொன்னார். கோயில் தலைவர் முதல் நாளே வந்து அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்காகச் சொல்வது கணக்கில் ஏறாது.

நான் பூண்டுலோயாவுக்குப் பஸ் ஏறினேன். பங்களாவின் முன்பக்கம் போய்ப் பழக்கமில்லை, பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போய் நின்றேன். துரை வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது எனக்கே தெரிந்தது. அவருக்கும் வேலை, பிள்ளைகள், மேலே ஒரு கம்பெனி எல்லாம் உண்டு. தமிழனுக்கு விமானம் விட அனுமதி கொடுத்த துரை என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருப்பார்.

"சரி, நீ போ. பாப்பம்" என்றார்.

துரை 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். தகரம் கேட்டவர்கள், லொறி கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான் திரும்பி வரும் பஸ்ஸில் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். அவரைத் திட்டி முடித்து என் கணவரைத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்த மனுஷனுக்கா இது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

வியாழக்கிழமை ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வாசலில் தோட்டத்து ஜீப் நின்றது. உள்ளே அதிகாரியின் மேசைக்கு முன்னால் துரை நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அவரைத் தொப்பி இல்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான், முன்பக்கம் வழுக்கை.

"நீங்கள்தான் அனுமதி கொடுத்தீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாம்."

"வானத்துக்கு அனுமதி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று யார் சொன்னது?"

"நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இவர்கள் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டார்கள்" என்றார் துரை. "கல்யாணத்துக்குக் கேட்டார்கள், சாவுக்குக் கேட்டார்கள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இது மட்டும் என்னுடையது இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்றால் கேட்டவனுடையது இல்லை, கொடுத்தவனுடையது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்லும்வரை துரையும் போகக்கூடாது என்றார். அங்கே இருந்தது ஒரே பெஞ்ச். துரை போய் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் பதறி எழுந்தார். துரை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அன்று சாயங்காலம்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் கொண்டுபோன ரொட்டியை அவர் பிய்த்துக் கொடுக்க, துரை வாங்கிச் சாப்பிட்டார். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கியது. பஸ்ஸில் திட்டியதை எல்லாம் நான் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த மனுஷனுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள், அவரிடம் அதைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரைக் கீழ்நாட்டில் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதனால்தானா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கேமராவில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். தேரும் தலைகளும் மூட்டமும்தான் இருந்தன. கூட்டிப்போகவில்லை. ஆனால் விடவும் இல்லை. இதை எதன் கீழ் முடித்துவைப்பது என்று எழுத அவர்களுக்கும் ஒரு வழி தெரியவில்லை. வாரங்கள் போயின. நான் ஸ்டூடியோவைத் திறந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு, நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுபோனேன். போகும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். தண்ணீர் குடிக்கக் கேட்டார். ஜன்னலோரம் போய் நிற்கக் கேட்டார். நான் கொண்டுபோன சோற்றைத் திறக்கக்கூட அங்கே நின்ற பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பொலிஸ்காரருக்கே கூச்சமாகி, "சாப்பிடுங்க ஐயா, அதுக்கு எதுக்கு என்னைக் கேக்கிறீங்க" என்று தெரிந்த தமிழில் சொன்னார்.

ஒரு மத்தியானம், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். விமானத்தைத் திருப்பித் தரவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டூடியோவுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் அவர். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அவர் நிலைக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"உள்ள வரலாங்களா?"

அவர் சுவர் வைத்து, அவர் கூரை போட்ட வீடு. எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வந்தார். வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நான் அழுதுகொண்டே தட்டை எடுத்துக் கழுவினேன், சோற்றைப் போட்டேன், பருப்பை ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் அவர் அப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தார். "உக்காருங்க" என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.